மத்தி மீன் ஒரு வருடம் குவிவதும் ஒரு வருடம் மறைவதும் ஏன்?

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் வாரச்சந்தை ஆடு, மாடு வியாபாரத்திற்குப் பெயர் பெற்றது. கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வியாபாரிகள் இங்கு வருகின்றனர். இச்சந்தைக்கு ஆடு ஓட்டிவரும் சிறு விவசாயி, எதை விற்பது, எதைப் பட்டியில் நிறுத்திக்கொள்வது என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் புறப்படுகிறார். கிடாக்குட்டியை விற்பார், பல் போன கிழ ஆட்டை விற்பார். திடமான பெட்டைக் குட்டியை மட்டும், வைத்தியச் செலவோ கல்யாணச் செலவோ நெருக்கினாலொழிய, கை மாற்ற மாட்டார். அது வளர்ந்து இரண்டு ஈற்றாவது ஈன வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

இதே கணக்கைக் கடலில் யார் பார்ப்பது என்பதுதான் மத்தி மீன் விஷயத்தில் இன்றுள்ள கேள்வி.

கடற்கரையிலிருந்து சாலை வழியில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊரில் மத்தியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். ராகிக் களிக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாத வீடு இப்பக்கத்தில் குறைவு. ஐஸ் போட்டு வரும் மீன்களில் ஏழை வாங்கக்கூடிய விலையில் இருப்பது பெரும்பாலும் மத்திதான். கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மீன் தூளும் இத்தகைய சிறு மீன்களிலிருந்து வருவதே. ஆகவே கடலில் மத்தி குறைந்தால் அதன் சுமை கிருஷ்ணகிரி மாவட்டத்து அடுப்பங்கரைக்கும் கோழிக் கொட்டகைக்கும் வந்து சேர்கிறது.

கையிருப்பு இல்லாத மீன்

இங்கே மத்தி என்று குறிப்பிடப்படுவது நெய் மத்தி ஆகும். தமிழகக் கடற்கரையில் இதற்கு நெய்ச்சாளை, பேச்சாளை என்ற பெயர்கள் உண்டு. இதன் சொந்த இடம் கேரளம், தென் கர்நாடகம் ஆகியவற்றின் கடலோரமாகும். வங்கக் கடல் பக்கம் 1980-களின் நடுப்பகுதி வரை இது அபூர்வமாகவே கிடைத்து வந்தது. அதன் பிறகுதான் தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் நல்ல அளவில் பிடிபடத் தொடங்கியது.

மத்தி முதல் ஆண்டின் முடிவில் சுமார் 15 செ.மீ. நீளம் வளர்ந்து, ஏறக்குறைய அந்த அளவில்தான் முதன்முதலாக முட்டையிடும் பக்குவத்தை அடைகிறது. பெரும்பாலான மீன்கள் இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதில்லை. இந்தக் குறுகிய ஆயுளில்தான் விஷயமே இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும் பெரிய மீன் இனத்தில், ஒரு வருடம் குஞ்சுகள் அழிந்துபோனாலும் பழைய மீன்கள் மீதி இருக்கும். அடுத்த ஆண்டு அவை முட்டையிடும். அதைக் கிணற்றுப் பாசன நிலத்திற்கு ஒப்பிடலாம். மத்தியோ மானாவாரி நிலம் போன்றது. அந்தந்த வருட மழைக்கு அந்தந்த வருட விளைச்சல். ஒரு வருடக் குஞ்சு தவறினால் அடுத்த வருட வலை காலி. இரண்டு வருடம் தொடர்ந்து தவறினால் விதைக்கே மீன் இராது.

முட்டையிடும் பட்டம்

மத்தி முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். ஜூனில் தொடங்கி ஆகஸ்டு, செப்டம்பர் வரை இது நீடிக்கும். மழைக் காலத்தை அது தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. பருவக்காற்று வீசும்போது மேற்குக் கரையோரத்து மேல்மட்ட நீர் கரையை விட்டு ஒதுக்கப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும்புகிறது. கடலடியில் தங்கியிருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் இந்த நீரோடு வெளிச்சம் படும் மட்டத்திற்கு வருகின்றன. ஆழ உழவு செய்து அடிமண்ணைப் புரட்டிப் போடுவதைப் போன்ற வேலை இது. ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் வண்டலும் சேர்ந்துகொள்கிறது. உரம் கிடைத்ததும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. பாசியைத் தின்னும் நுண்ணிய மிதவை உயிரிகளும் பெருகுகின்றன. மத்திக்கும் அதன் குஞ்சுக்கும் இவையே உணவு.

ஒரு தாய் மீன் பல பத்தாயிரம் முட்டைகள் இடுகிறது. முட்டைகள் நீரில் மிதந்து சுமார் ஒரு நாளில் பொரிந்துவிடுகின்றன. பொரிந்த குஞ்சு ஒரு சிறு நூல் துண்டு போலத்தான் இருக்கும். வயிற்றோடு ஒட்டியிருக்கும் கருவுணவு இரண்டு மூன்று நாட்களுக்குத்தான் காணும். அது தீர்வதற்குள் வாய் திறந்து, தன் வாய்க்கு ஏற்ற அளவுள்ள மிதவை உயிரி பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். தேடிக்கொண்டு வெகுதூரம் நீந்த அதனால் இயலாது. உணவு கிடைத்தால் பிழைக்கும். இல்லையேல் அதோடு சரி.

பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முட்டைத் தொகுதி பொரியும் நாளில் மல்பெரித் தோட்டத்தில் கொழுந்து இலை தயாராக இருக்க வேண்டும். இலை முற்றிவிட்டாலோ, இன்னும் துளிர்க்காமல் இருந்தாலோ, எவ்வளவு நல்ல முட்டையாயினும் இளம்புழு தேறாது. பின்னால் எவ்வளவு இலை போட்டாலும் போனது போனதுதான். வித்தியாசம் ஒன்றே. பட்டு விவசாயி இலையைப் பார்த்து முட்டைக்குச் சொல்லி வைக்கிறார். கடலில் முட்டையிடும் நாள் ஒரு பக்கம், உணவு பெருகும் நாள் ஒரு பக்கம். இரண்டையும் பொருத்தி வைக்க ஆள் இல்லை. மழை முந்தினாலும் பிந்தினாலும், காற்று வலுவிழந்தாலும், கடல் நீர் வழக்கத்தை விடச் சூடாக இருந்தாலும் இந்தப் பொருத்தம் கெடுகிறது.

நார்வே நாட்டு விஞ்ஞானி யோஹான் யோர்ட் 1914-ல் இக்கருத்தை முதலில் எடுத்துரைத்தார். மீன்வளம் கூடுவதும் குறைவதும் தாய் மீன்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. குஞ்சு பொரிந்த முதல் சில நாட்களில் எத்தனை பிழைக்கின்றன என்பதைப் பொறுத்தது என்று அவர் கூறினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மீன்வள ஆராய்ச்சியில் இக்கருத்து நிலைத்து நிற்கிறது.

ஒரு கிலோவில் எத்தனை மீன்?

முதல் வாரத்தைத் தாண்டிய குஞ்சுக்கு அடுத்த ஆபத்து வலை. மழைக்காலத்தில் பிறந்த மத்திக் குஞ்சுகள் சில மாதங்களிலேயே கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வருகின்றன. இந்த இடத்தில் ஒரு சிறு கணக்குப் பார்ப்பது நல்லது.

10 செ.மீ. நீளமுள்ள மத்தி ஏறத்தாழ 10 கிராம் எடை இருக்கும். 15 செ.மீ. வளர்ந்த மத்தி எவ்வளவு இருக்கும்? பதினைந்து கிராம் என்று பலர் சொல்லக்கூடும். அது தவறு. மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. அகலத்திலும் பருமனிலும் சேர்ந்தே வளர்கிறது. எனவே நீளம் ஒன்றரை மடங்கானால் எடை மூன்று மடங்குக்கு மேலாகிறது. 15 செ.மீ. மத்தி சுமார் 33 கிராம் இருக்கும்.

நூறு குஞ்சுகளை 10 செ.மீ. அளவில் பிடித்தால் ஒரு கிலோ. பிடிக்காமல் விட்டால் நூறும் பிழைக்காது என்பது உண்மையே. சூரை தின்னும், சீலா தின்னும், சில தாமாகவே இறக்கும். பாதி இறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மீதி ஐம்பது மீனும் வளர்ந்தபின் 1,650 கிராம் தேறும். ஒரு கிலோ ஒன்றரை கிலோவுக்கு மேலாகிறது. விலையோ இன்னும் அதிகம் உயரும். பொடி மத்தியைப் பெரும்பாலும் மீன் தூள் ஆலைதான் வாங்கும்; நெய்யேறிய பெரிய மத்தியை வீட்டுக்காரர்கள் வாங்குவார்கள். இத்துடன் அந்த ஐம்பதில் உள்ள பெட்டை மீன்கள் ஒரு முறை முட்டையும் இட்டிருக்கும். அதற்கு விலை போட முடியாது.

கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் ராகியை யாரும் அறுப்பதில்லை. ஆனால் அந்த வயல் ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்து, இன்று நாம் அறுக்காவிட்டால் நாளை இன்னொருவர் அறுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற நிலை இருந்தால்? மீனவர் நிலை இதுதான். தடைக்காலம் முடிந்து, டீசலுக்குக் கடன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர் பொடி மத்திக் கூட்டத்தைக் கண்டு வலையை மடித்துக்கொண்டு திரும்பினால், அடுத்த படகு அதை அள்ளிக்கொள்ளும். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டைக் குட்டியை நிறுத்திக்கொள்ளும் விவசாயிக்கு அந்தக் குட்டி சொந்தம். கடல் மீன் யாருக்கும் சொந்தமில்லை.

நெடுநாளைய வழக்கு

மத்தி மறைவது புதிதன்று. கிருஷ்ணகிரி அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், மலபாரும் தென் கன்னடமும் இதே சென்னை மாகாணத்தின் மேற்குக் கரை மாவட்டங்களாக இருந்தன. மாகாணத்தின் மீன்வளப் பணிக்கு 1905-ல் பொறுப்பேற்றவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அடிப்படையான அறிக்கையை 1895, 1897-ம் ஆண்டுகளில் எழுதியவரும் இவரே. கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கும் ஒவ்வொரு விவசாயியும் ஒரு வகையில் இவருக்குக் கடமைப்பட்டவர்தான். அக்காலத்தில் மேற்குக் கரையில் மத்தி மலிந்த நாட்களில் அதைத் தின்ன ஆளில்லாமல் எண்ணெய் எடுத்து, சக்கையைத் தோட்டங்களுக்கு எருவாக இட்டனர். இப்படிக் கரையில் வீணாகும் மீனை முறைப்படி எண்ணெயாகவும் மீன் எருவாகவும் மாற்றும் தொழிலை நிக்கல்சன் ஊக்குவித்தார்.

பிறகு 1940-களில் மத்தி ஏறக்குறைய காணாமலே போயிற்று. குஞ்சு மீன்களை அளவின்றிப் பிடித்ததே காரணம் என்று கருதப்பட்டு, 1943-ல் சென்னை மாகாண அரசு சிறுகண் வலைகளுக்கும் குஞ்சு மத்தி பிடிப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. சில ஆண்டுகளில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் மத்தி திரும்ப வந்தது. கட்டுப்பாட்டினால் வந்ததா, மழையும் கடலும் கூடிவந்ததால் வந்ததா என்று அன்றே விவாதம் எழுந்தது. இரண்டிற்கும் பங்கு உண்டு என்பதே பிற்கால ஆய்வுகளிலிருந்து தெரிகிறது.

அண்மைக் காலக் கதை இன்னும் தெளிவானது. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொரு ஆண்டும் கரைக்கு வரும் மீனைக் கணக்கெடுக்கிறது. கேரளத்தில் 2012-ல் பிடிபட்ட மத்தி சுமார் 4 லட்சம் டன். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தாங்கும் அளவுக்கு மேல் பிடித்துவிட்டனர் என்று ஆய்வாளர் பிற்பாடு கண்டறிந்தனர். தாய் மீன் குறைந்திருந்த அந்த நேரத்தில் 2015-ல் எல் நினோ வந்தது. பசிபிக் பெருங்கடல் சூடேறுவதால் நம் பருவமழையும் கடலும் நிலைகுலையும் ஆண்டு அது. மத்தியின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் பாதிக்கப்பட்டன. இடையில் 2017-ல் சற்றே தலை தூக்கினாலும், 2021-ல் கேரளம் முழுவதிலும் கிடைத்தது மூன்றாயிரத்துச் சொச்சம் டன்தான். நூறு மூட்டை கண்ட களத்தில் ஒரு மூட்டை கூடத் தேறவில்லை.

2022 முதல் நிலைமை மாறியது. குறிப்பாக 2024-ல் மழையும் அடிநீர் மேலெழும்புதலும் உரிய காலத்தில், உரிய அளவில் அமைந்தன. குஞ்சுக்கு ஏற்ற நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகின. வழக்கத்திற்கு மாறாக ஏராளமான குஞ்சுகள் பிழைத்தன. அவ்வாண்டு கேரளத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு அருகில் மத்தி பிடிபட்டது. ஆனால் மீனவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இருந்த உணவுக்குப் போட்டி அதிகமாகி மீன் வளரவே இல்லை. மாதங்கள் கடந்தும் பொடியாகவே நின்றது. உடலில் எடையும் இல்லை, நெய்யும் இல்லை. தட்டில் நெருக்கமாக விட்ட பட்டுப்புழு சிறுத்துப் போவதும், நாற்றங்காலில் அடர்த்தியாக விழுந்த விதை நெட்டையாகவும் மெலிந்தும் போவதும் இதே காரணத்தால்தான். 2024 ஜூனில் கிலோ 300 ரூபாயைத் தாண்டிய மத்தி, ஆண்டின் பிற்பகுதியில் கரையில் 20, 30 ரூபாய்க்கு விலை கேட்கப்பட்டது. தக்காளி விவசாயிகளுக்கு இதில் புதுமை ஒன்றும் இராது.

தடைக்காலம் எதைக் காக்கிறது?

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. கேரளத்திலும் ஜூன், ஜூலையில் இழுவைப் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மேற்குக் கரைத் தடை மத்தியின் முட்டைப் பருவத்தின் முதற்பகுதியோடு ஒத்துப் போகிறது. ஆனால் சிறு படகுகளில் செல்லும் பாரம்பரிய மீனவர்களுக்குத் தடை இல்லை. கேரளத்தில் மத்தியை அதிகம் பிடிப்பது அவர்களுடைய சுருக்கு வலைகளே. மேலும், தடை முடியும் நேரத்தில்தான் அந்த வருடக் குஞ்சுகள் கரையோரம் திரளத் தொடங்குகின்றன. விதைப்புக்கு வேலி போட்டுவிட்டு, நாற்றுப் பருவத்தில் வேலியைப் பிரித்துவிடுவது போல் இது ஆகிவிடுகிறது.

இதை உணர்ந்து கேரள அரசு 2015-ல் சில மீன் இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்தது. 2017-ல் அந்தப் பட்டியல் 58 இனங்களாக விரிந்தது. மத்திக்கு 10 செ.மீ. அதற்குக் கீழ்ப்பட்ட மீனைப் பிடித்து வந்தால் படகுக்கு அபராதம். நல்ல சட்டம்தான். எனினும் 10 செ.மீ. மத்தி இன்னும் முட்டையிடாத மத்தி என்பதை மறந்துவிடக் கூடாது. வலைக்கண்ணை அகலப்படுத்துவதும், மழை தவறிய ஆண்டுகளில் பிடிக்கும் அளவைக் குறைப்பதும் சேர்ந்தால்தான் சட்டத்திற்குப் பலம்.

இயற்கையின் முதல் வாரத்தில் நாம் தலையிட முடியாது. அடுத்த ஆறு மாதம் மட்டுமே மனிதன் கையில் உள்ளது. இதைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென் அமெரிக்காவின் பெரு நாடு சான்று. அங்கு 1970-ல் பிடிபட்ட நெத்திலி இன மீன் 120 லட்சம் டன்னுக்கு மேல்; அநேகமாக எல்லாமே மீன் தூளாகிக் கோழிக்கும் பன்றிக்கும் போயிற்று. 1972-ல் எல் நினோ வந்தது, குஞ்சு தேறவில்லை, பிடிப்பதும் உரிய நேரத்தில் நிற்கவில்லை. 1973-ல் கிடைத்தது 20 லட்சம் டன்னுக்கும் குறைவு. மீன் தூள் விலை உயர்ந்து, அதற்கு மாற்றான சோயா விலையும் உலகெங்கும் ஏறிற்று.

கோழி வளர்ப்போர் கவனத்திற்கு

ஒரு கிலோ மீன் தூளுக்கு நான்கு, ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். ஆலைகள் பொடி மீனை வாங்க ஆள் இருக்கும்வரை பொடி மீன் பிடிபடத்தான் செய்யும். புறக்கடைக் கோழிகளுக்குத் தீவனம் கலப்போர் மீன் தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பட்டுப்புழுக் கூட்டுப்புழுத் தூளைச் சேர்க்கலாம். பட்டு நூற்பு நிலையங்களில் நூல் எடுத்தபின் கழிக்கப்படும் கூட்டுப்புழுவைக் காயவைத்து அரைத்தால், அதில் பாதிக்கு மேல் புரதம் உள்ளது. எண்ணெய் நீக்கியதே சிறந்தது. நீக்காதது விரைவில் சிக்குவாடை அடித்துவிடும். விற்காத உப்புக் கருவாட்டை இடித்துக் கோழிக்குப் போடும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. உப்பு மிகுந்தால் கோழிக்குத் தாகமும் கழிச்சலும் கண்டு இறப்பும் ஏற்படுமாதலால் இதைத் தவிர்க்க வேண்டும்.

மத்தி வாங்கும்போது அளவு பார்ப்பது எளிது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணிதப் பெட்டியில் வைத்திருக்கும் சிறிய அளவுகோலில் 15 செ.மீ. வரை அளவு குறிக்கப்பட்டிருக்கும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அதற்குச் சமமாக உள்ள மத்தி வளர்ந்த மத்தி. ஐந்து விரலும் சேர்த்து வைத்த உள்ளங்கை அகலத்திற்குள் அடங்கிவிடுவது குஞ்சு. கருவாடு காய்ந்து சற்றுச் சுருங்கியிருக்குமாகையால் அதற்கு ஒரு விரற்கடை குறைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.